ஜேர்மன் பாட்டும் திருமலை நாக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் மேலைத்தேய சங்கீதம் பழகுகிற பிள்ளைகளும் தேவாலயப் பாடகர் குழுக்களில் பாடுகிற பெரியவர்களும் ஜேர்மன் பாட்டு ஒன்றைக் கையில் எடுத்தவுடன் கேட்கிற கேள்விகள் இவை. ஜேர்மன் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். அது கிட்டத்தட்டத்தான் சரியாக இருக்கும். ஏன் என்பது மூன்றாம் பதிலில் வருகிறது.

எனக்கு ஜேர்மன் தெரியாது. பாடலாமா?

பாடலாம். அந்த மொழியில் கதைக்கத் தெரியாமலே அதில் நன்றாகப் பாடுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பென்சிலால் தமிழ்க் கருத்து எழுதியிருக்க வேண்டும். ‘காதலைப் பற்றிய பாட்டு’ என்று மொத்தமாகத் தெரிந்துகொள்வது போதாது. இசையமைப்பாளர் ஷூபெர்ட் 31 வயதுக்குள் 600க்கு மேற்பட்ட பாட்டுகள் எழுதிவிட்டுப் போனவர். ஷூமன் 1840ஆம் ஆண்டில் மட்டும் நூற்றுக்கு மேல் எழுதினார். இருவருமே கவிதையைக் கையில் வைத்துக்கொண்டுதான் மெட்டுக்குப் போனார்கள். எந்தச் சொல் கனமானது, எது வெறும் இணைப்புச் சொல் என்று தெரியாவிட்டால் எல்லாச் சொல்லையும் ஒரே அழுத்தத்தில் பாடுவீர்கள். கேட்க அறிவித்தல் வாசிப்பதுபோல இருக்கும்.

சித்தப்பா சுவிசில் இருக்கிறார். அவரிடம் உச்சரிப்புக் கேட்டால் சரிதானே?

கருத்துக் கேளுங்கள், நல்லது. உச்சரிப்புக்கு அவரை மட்டும் நம்ப வேண்டாம். இது அவருடைய குறை இல்லை. சுவிசில் வீதியில் கதைக்கிற ஜேர்மன் வேறு, மேடையில் பாடுகிற ஜேர்மன் வேறு. ‘நான்’ என்பதற்கான ‘இஹ்’ என்ற சொல்லின் கடைசி ஒலியை மேடையில் மென்மையாக, வாயின் முன்பக்கத்தில் உரசவேண்டும். சுவிஸ்காரர் அதைத் தொண்டைப் பக்கமாக உரசுவார்.

மேடை உச்சரிப்புக்கென்று தனி மரபு இருக்கிறது. தியோடர் ஸீப்ஸ் என்ற மொழியறிஞர் 1898இல் நாடக மேடைக்கான உச்சரிப்பை நூலாக்கினார். பாடகர்கள் இன்றும் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறார்கள். நமக்கு அதில் ஒரு லாபம் இருக்கிறது. அந்த மரபு நுனிநாக்கு ரகரத்தையே விதித்தது. இன்றைக்கு பெர்லினில் கதைக்கிறவர் ரகரத்தை உள்நாக்கில் கரகரப்பார். பாட்டில் நமது ர போதும்.

ஜேர்மனியில் உள்ள சொந்தக்காரர் என்றால் பிரச்சினை குறைவு. அங்கேயும் தெற்குப் பக்கத்து ஆட்கள் ‘ஏவிஹ்’ என்று முடியவேண்டிய சொல்லை ‘ஏவிக்’ என்று முடிப்பார்கள்.

பாட்டைத் தமிழில் எழுதிவைத்துப் பாடினால் என்ன?

முதல் நாளைக்கு உதவும். அதற்குப் பிறகு அதுவே தடையாகிவிடும். தமிழில் ‘ப’ என்று எழுதினால் அது உரத்த பகரமா, ‘பந்து’ என்று கதைக்கும்போது வருகிற மெலிந்த பகரமா என்று தாள் சொல்லாது. ‘த’, ‘ட’, ‘க’ எல்லாவற்றுக்கும் அதே கதி. தமிழில் இடத்தைப் பார்த்து நாக்கு தானாக முடிவு செய்துவிடும். ஜேர்மனில் அந்த வேறுபாடே சொல்லின் கருத்தை மாற்றும்.

அனைத்துலக ஒலிக்குறிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். முழு அட்டவணையும் தேவையில்லை, ஜேர்மனுக்கு வேண்டியவை போதும். கெட்டித்தனமான பிள்ளை ஒரு வார இறுதியில் பிடித்துவிடும். பாட்டுத் தாளில் ஜேர்மன் வரியை அப்படியே விட்டுவிட்டு, இடறுகிற ஒலிக்கு மேலே மட்டும் குறியைப் போடுங்கள்.

நமக்குச் சுலபமாக வருகிற ஒலிகள் இருக்கின்றனவா?

நிறைய. ஆங்கிலம் பேசுகிறவர்கள் மாதக்கணக்காகப் போராடுகிற சில ஒலிகள் நமக்குப் பிறப்பிலேயே வந்தவை.

ரகரத்தைச் சொல்லிவிட்டேன். லகரமும் அப்படித்தான்: நமது ‘பல்’ என்பதில் உள்ள தெளிந்த ல் ஜேர்மனுக்கு அப்படியே பொருந்தும். ள மட்டும் கிட்டே வரக்கூடாது.

டகரம் எழுதினாலும் தமிழ் ட போல நாக்கை மடிக்கக்கூடாது. ‘காற்று’, ‘நேற்று’ என்று நம் ஊர் வழக்கில் சொல்லிப் பாருங்கள். ற்ற வரும்போது நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் நிற்கிறதே, அதுதான் ஜேர்மன் ட்டின் இடம். அதோடு கொஞ்சம் காற்றும் வெளியே தள்ளவேண்டும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்தால் ‘டோட்’ என்ற சொல்லின் முதல் எழுத்தில் காற்று கையில் படவேண்டும். ப, க இரண்டுக்கும் அதே சோதனைதான்.

அப்புறம் ‘ஸிங்ஙென்’. பாடுதல் என்று கருத்து; பாடகருக்கு இந்தச் சொல்லைத் தவிர்க்க வழியில்லை. ‘தங்கம்’ என்பதில் ங்-க்குப் பிறகு ஒரு ககரம் ஒலிக்கிறது. ஜேர்மனில் அந்தக் ககரம் கூடாது. ‘அங்ஙனம்’, ‘இங்ஙனம்’ என்று சொல்லிப் பழகுங்கள். பாடப்புத்தகத்தோடு விட்டுவந்த அந்த ஙகரத்துக்கு இங்கேதான் வேலை வருகிறது.

அப்படியென்றால் எங்கேதான் பிழைக்கிறோம்?

புதிய ஒலிகளைவிட, நாம் அறியாமல் சேர்க்கிற ஒலிகள்தான் பெரிய சிக்கல். நான் பயிற்சிக்கு எடுப்பது எல்லாருக்கும் மெட்டுத் தெரிந்த ‘ஷ்டிலெ நஹ்ட்’ பாட்டை, அதாவது சைலண்ட் நைட்டின் மூலத்தை. ஒஸ்ரியாவின் ஓபெர்ன்டோர்ஃப் ஊரில் 1818 நத்தார் இரவில் முதன்முதல் பாடப்பட்டது. வரிகளை எழுதியவர் யோசப் மோர், மெட்டு ஃபிரான்ஸ் க்ஸாவர் குரூபர். அந்த ஒரு பாட்டிலேயே நம் பழக்கங்கள் அத்தனையும் மாட்டிக்கொள்ளும்.

முதலாவது, கடைசியில் வருகிற உகரம். தமிழில் வல்லின மெய் தனியாக நின்று சொல்லை முடிக்காது. ஒரு குற்றியலுகரம் துணைக்கு வந்துவிடும். அதனால் ‘நஹ்ட்’ நம் வாயில் ‘நஹ்ட்டு’ ஆகிறது, ‘வஹ்ட்’ ‘வஹ்ட்டு’ ஆகிறது. தனியாகப் பாடினால் பாதி பேருக்குக் கேட்காது. குழுவாகப் பாடும்போது ஆளுக்கொரு நேரத்தில் உகரம் விழுந்து, வரி முடிவில் ஒரு சின்னச் சலசலப்பு எழும். தீர்வு: குரலை நிறுத்திய பிறகு வெறும் காற்றால் ட்டை விடுங்கள். தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள். ட்டை விடும்போது அதிர்ந்தால் உகரம் உள்ளே புகுந்துவிட்டது.

இரண்டாவது, சொல்லின் முன்னாலும் நடுவிலும் புகுகிற இகரம். ஸ்கூலை ‘இஸ்கூல்’ ஆக்குகிற அதே நாக்கு ‘ஷ்டிலெ’யை ‘இஷ்டிலெ’ ஆக்கும். ‘க்னாபெ’ என்கிற சிறுவனைக் ‘கினாபெ’ ஆக்கும். மெய்யெழுத்துகளைத் தாளத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கி, உயிர் ஒலி தாளத்தில் விழுகிற மாதிரிப் பழகினால் இது தானாகக் குறையும்.

மூன்றாவது புணர்ச்சி. ‘உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே’ என்கிறது நன்னூல். தமிழில் இயல்பு, ஜேர்மனில் பிழை. ‘ஷ்லேஃப்ட் ஐன்ஸாம்’ என்று இரண்டு சொல் அடுத்தடுத்து வருகிறது. நாம் பாடினால் முதல் சொல்லின் ட் போய் ஒட்டி ‘டைன்ஸாம்’ பிறந்துவிடும். அதே பாட்டில் ‘க்னாபெ இம்’ என்பதை ‘க்னாபெயிம்’ என்று யகரம் போட்டு இணைப்போம். உயிரெழுத்தில் தொடங்குகிற ஜேர்மன் சொல்லை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கவேண்டும். தொண்டையை இறுக்கி வெடிக்கத் தேவையில்லை, ஒரு மெல்லிய இடைவெளி போதும். மூச்சு எடுக்கவும் கூடாது.

நான்காவது இரட்டித்தல். மூலத்தில் லகரம் இரண்டு போட்டிருப்பதால் ‘ஷ்டில்லெ’ என்று, ‘பல்லி’ சொல்வதுபோல அழுத்துவோம். ஜேர்மனில் மெய் இரட்டித்தால் அதற்கு முந்திய உயிர் குறில் என்று அர்த்தம், அவ்வளவுதான். பெரிய பாடகர்கள் உணர்ச்சிக்காகச் சில மெய்களில் சாய்ந்து நிற்பதைக் கேட்பீர்கள். அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குறில் நெடில் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதில் என்ன கஷ்டம்?

இங்கேதான் மிகக் கவனமாக இருக்கவேண்டும். வகுப்பில் அதிக நேரம் போவதும் இதற்குத்தான்.

தமிழில் இ ஒரு மாத்திரை, ஈ இரண்டு மாத்திரை. வாயின் வடிவம் பெரிதாக மாறுவதில்லை, நேரம்தான் வேறுபடுத்துகிறது. ஜேர்மனில் நேரமும் வேறு, வடிவமும் வேறு. நெடில் இறுக்கமானது, நாக்கு உயர்ந்து நிற்கும். குறில் தளர்ந்தது, தாடை சற்று இறங்கும்.

பேசும்போது இரண்டும் சேர்ந்து உதவும். பாட்டில் நேரம் உங்கள் கையில் இல்லை, இசையமைப்பாளர் எடுத்துக்கொண்டுவிட்டார். குறிலுக்கு மூன்று தாளம் கொடுத்திருப்பார், நெடிலை அரைத் தாளத்தில் ஓட்டியிருப்பார். அப்போது கேட்கிறவருக்குக் கருத்தைக் காட்ட மிஞ்சியிருப்பது வடிவம் மட்டும். தமிழ்ப் பாட்டில் குறிலை இழுத்தால் அது நெடில்போல ஆனாலும் யாரும் குழம்பமாட்டார்கள். ஜேர்மனில் ‘ஷ்டிலெ’யின் முதல் உயிரை ஈ ஆக்கி நீட்டினால் ‘ஷ்டீலெ’. அப்படியும் ஒரு சொல் இருக்கிறது: காம்புகள், கைபிடிகள். அமைதியான இரவு விளக்குமாற்றுக் கைபிடி இரவாகிவிடும்.

பயிற்சி இது. ‘ஷ்டி’ என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். தாடையைத் தளர்த்தி, இகரத்தை எகரப் பக்கம் ஒரு நூலளவு சாயவிடுங்கள். அந்த வடிவத்தில் அசையாமல் நான்கு தாளம் பிடியுங்கள். மூன்றாம் தாளத்தில் உதடு விரிந்து ஈகாரத்துக்கு நழுவப் பார்க்கும். போன் கமராவை முன்னால் வைத்தால் நழுவுகிற கணம் தெரியும். பிறகு ‘பிட்டென்’, ‘பீட்டென்’ என்ற சோடியை ஒரே நீளத்தில் மாறி மாறிப் பாடுங்கள். முதலாவது கெஞ்சிக் கேட்பது, இரண்டாவது வழங்குவது. கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற தோழி எது எது என்று சொல்லிவிட்டால் சரி.

நெடிலில் வேறு பிரச்சினை. ஜேர்மன் ஏகாரம் தமிழ் ஏயைவிட இறுக்கமானது. ஆன்மா என்று கருத்துள்ள ‘ஸேலெ’யை நல்ல பாடகர் பாடும்போது நம் காதுக்கு ‘ஸீலெ’ என்றே கேட்கும். ஓகாரமும் அப்படித்தான் ஊகாரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். காது பழக வேண்டும், நாக்கு பின்னால் வரும்.

மேலே இரண்டு புள்ளி வைத்த எழுத்துகளை எப்படி ஒலிப்பது?

நாக்கு ஒன்று செய்யும், உதடு வேறொன்று செய்யும். ஈ என்று பிடியுங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ஊ சொல்வதற்குக் குவியுங்கள். அது புள்ளி வைத்த யூ (ü). ஏ என்று பிடித்து, உதட்டை ஓ சொல்வதற்குக் குவியுங்கள். அது புள்ளி வைத்த ஓ (ö). கண்ணாடி முன்னால் செய்தால் போதும், விளக்கம் தேவையில்லை. நாக்கை ஏகாரத்தில் வைக்காமல் வெறும் ஓ என்று ஒலித்தால் ‘அழகான’ என்ற சொல் ‘ஏற்கெனவே’ ஆகிவிடும். காதல் பாட்டில் அது கொஞ்சம் சங்கடம்.

அகரத்துக்கு மேல் புள்ளி வந்தால் வெறும் திறந்த எகரம் அல்லது ஏகாரம். அதில் வித்தை ஒன்றும் இல்லை.

சீயும் எச்சும் சேர்ந்து வந்தால் ஒருமுறை ஒரு மாதிரியும் மறுமுறை வேறு மாதிரியும் கேட்கிறதே?

இரண்டு ஒலிகள். எது வரும் என்பதை முந்திய எழுத்து தீர்மானிக்கும்.

ஆ, ஓ, ஊ, ஔ இனத்து உயிர்களுக்குப் பிறகு பின்னண்ணத்தில் உரசுகிற ஒலி வரும்: ‘நஹ்ட்’, ‘ஹோஹ்’. ‘மகன்’, ‘பகல்’ என்று நாம் இயல்பாகக் கதைக்கும்போது நடுவில் தேய்ந்து வருகிற ககரத்தைக் கொஞ்சம் உரப்பாக்கினால் கிடைத்துவிடும். கிண்ணியா, மூதூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை. குர்ஆன் ஓதிப் பழகிய நாக்கில் அரபு ஃகா ஏற்கெனவே இருக்கிறது. ஜேர்மனுக்கு அதைச் சற்று மென்மையாக்கினால் சரி.

இ, எ, ஐ, புள்ளி வைத்த உயிர்கள், ல், ன், ர் ஆகியவற்றுக்குப் பிறகு முன்னண்ணத்தில் உரசுகிற ஒலி: ‘இஹ்’, ‘நிஹ்ட்’. ‘ஈ’ என்று பிடித்து, நாக்கை அங்கேயே விட்டுவிட்டு, குரலை நிறுத்தி வெறும் காற்றை ஊதுங்கள். ஷகரம் ஆகிவிடக்கூடாது. தேவாலயத்தைக் குறிக்கிற சொல்லில் இதற்குப் பதில் ஷ் போட்டால் செர்ரிப் பழம் வந்துவிடும்.

பின்னால் ஒரு எஸ் வந்தால் பெரும்பாலும் க்ஸ்: ஆறு என்ற எண் ‘ஸெக்ஸ்’. பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்து முடியட்டும்.

எஸ், இஸட், வி, டபிள்யூ எல்லாம் ஆங்கிலம் மாதிரித்தானே?

இல்லை. உயிருக்கு முன்னால் வருகிற எஸ் அதிர்கிற ஸகரம், ஆங்கில ‘ஸூ’வில் (zoo) வருகிற ஒலி. இஸட் எப்போதும் ‘ட்ஸ்’: இதயம் ‘ஹெர்ட்ஸ்’. வி பெரும்பாலும் ஃப: தந்தை ‘ஃபாட்டர்’. டபிள்யூதான் வ, ஆனால் தமிழ் வகரத்தைவிட இறுக்கமானது. மேற்பல் கீழுதட்டில் பட்டு வண்டு மாதிரி ரீங்கரிக்க வேண்டும். ஜே எழுத்து யகரம். சொல் தொடக்கத்தில் எஸ்ஸோடு டீ (t) அல்லது பீ (p) சேர்ந்தால் ஷ்ட், ஷ்ப்.

சொல்லின் கடைசி எழுத்தை ஏன் வேறு மாதிரி ஒலிக்கச் சொல்கிறார்கள்?

சொல்லின் இறுதியில் வருகிற மெலிந்த மெய்கள் வல்லெழுத்தாக மாறும். பி (b) என்று எழுதியிருந்தாலும் ப், டி (d) என்று எழுதியிருந்தாலும் ட், ஜீ (g) என்று எழுதியிருந்தாலும் க். மரணம், பகல், கல்லறை என்று ஜேர்மன் கவிஞர்கள் விட்டுப் பிரியாத சொற்களெல்லாம் இந்த விதிக்குள் வருகின்றன. ‘இக்’ என்று எழுதி முடிகிற சொற்கள் மட்டும் விலக்கு, அவை ‘இஹ்’ என்று முடியும். அதற்குப் பின்னால் ஓர் எகரம் சேர்ந்தவுடன் மெலிந்த ககரம் திரும்பிவரும்: ‘ஹைலிஹ்’, ஆனால் ‘ஹைலிகெ நஹ்ட்’.

கடைசியில் வருகிற எகரத்தை நீட்டலாமா?

இசை நீட்டச் சொன்னால் நீட்டுங்கள், அழுத்த வேண்டாம். ‘லீபெ’யின் எகரம் நிறமில்லாத, தளர்ந்த ஒலி. ‘லீபே’யும் இல்லை, ‘லீபா’வும் இல்லை. அதே நேரம் ‘என்’ என்று முடிகிற சொற்களில் ஜேர்மன்காரர் கதைக்கும்போது எகரத்தை விழுங்கிவிடுவார். பாட்டில் அதற்கென்று ஒரு சுரம் இருப்பதால் விழுங்கக்கூடாது.

கர்நாடக சங்கீதம் படித்த குரல். அது இடைஞ்சலா?

சுருதியும் தாளமும் காதும் பெரிய முதல். இரண்டு இடத்தில் மட்டும் பிடியுங்கள். ஐகாரத்தை இழுக்கும்போது நாம் சீக்கிரமே யகரத்துக்குப் போய் அங்கே நின்றுவிடுவோம். ஜேர்மனில் ஆ மேல் கடைசிவரை நின்று, முடிகிற கணத்தில் மட்டும் இ தொடவேண்டும். மற்றது, சுரத்துக்குச் சுரம் வழுக்கிப் போகிற பழக்கம். கமகம் நம் உயிர், ஆனால் ஷூபெர்ட்டில் அதற்கு இடமில்லை.

எந்தப் பாட்டில் தொடங்குவது?

‘ஷ்டிலெ நஹ்ட்’, நத்தார் வரை காத்திருக்காமல். அடுத்து பிராம்ஸ் 1868இல் எழுதிய தாலாட்டு. மெட்டு தெரியாதவர் குறைவு, மெதுவானது. அதற்குப் பிறகு ஷூபெர்ட்டின் ‘ஹைடென்ரோஸ்லைன்’. ‘ஏர்ல்கோனிஹ்’ பாடவேண்டும் என்று அடம்பிடிக்கிற பையன்கள் எப்போதும் இருப்பார்கள். கதைசொல்லி, தகப்பன், பிள்ளை, பூதராசன் என்று நான்கு குரலை ஒரே ஆள் காட்டவேண்டிய பாட்டு அது. பியானோக்காரரின் வலது கை வேறு களைத்துப்போகும். கொஞ்சம் பொறுங்கள்.

யாரைக் கேட்டுப் பழகலாம்?

டீட்ரிஹ் ஃபிஷர்-டீஸ்கௌ. சொல் தெளிவுக்கு அவரைத் தாண்டி நான் யாரையும் சொல்லமாட்டேன். ஃபிரிட்ஸ் வுன்டர்லிஹ்ஹின் குரல் இன்னும் அழகு. பெண் குரலுக்கு எல்லி அமெலிங். அவர் நெதர்லாந்துக்காரர், ஜேர்மன் அவருக்கும் தாய்மொழி இல்லை. யூடியூபில் மூவரும் கிடைப்பார்கள். தனிச் சொல்லுக்கு டூடன் அகராதியின் இணையத்தளத்தில் ஒலிப்பதிவு உண்டு, பாட்டுவரிகளின் கருத்துக்கு லீடர்நெட் என்ற தளம், சுரத்தாளுக்கு ஐஎம்எஸ்எல்பி.

திருமலையில் ஜேர்மன் தெரிந்த ஆளை எங்கே பிடிப்பது?

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசன் காலத்தில் ஜேர்மன் பயணிகள் வருவார்கள். கவிதையை ஒருமுறை போனில் வாசித்துத் தரச் சொன்னால் பலர் சந்தோசமாகச் செய்வார்கள். பாடச் சொல்லாதீர்கள், வாசிக்க மட்டும். கணவனிடமோ மனைவியிடமோ ஜேர்மனிக்குப் போக ஏ1 பரீட்சைக்குப் படிக்கிற ஆள் உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கக்கூடும். அவர்களோடு சேர்ந்து படிப்பது இருவருக்கும் நல்லது. முறையாகப் படிக்க விரும்பினால் கொழும்பில் கோதே நிறுவனம் இருக்கிறது.

ஒரு பாட்டை எந்த ஒழுங்கில் பழகுவது?

முதலில் கவிதையாக வாசியுங்கள், பியானோவை மூடிவைத்துவிட்டு. பிறகு தாளத்தில் சொல்லுங்கள், சுரம் இல்லாமல். அடுத்து உயிர் ஒலிகளை மட்டும் மெட்டில் பாடுங்கள்: ‘ஷ்டிலெ நஹ்ட்’ என்றால் இ, எ, அ. இந்த நிலையை எல்லாரும் தாண்டிப் போகப் பார்ப்பார்கள், தாண்டவிடாதீர்கள். குறில் நழுவுவது இங்கேதான் பிடிபடும். கடைசியாக மெய்களைத் திரும்பச் சேருங்கள். ஒவ்வொரு நிலையையும் போனில் பதிந்து மறுநாள் காலை கேளுங்கள். பாடி முடித்த கையோடு கேட்டால் காது உங்கள் பக்கமே பேசும்.